வாயைப் பொத்தின கையை மாதா எடுத்துவிட்ட கதை

என் பொண்ணு லூர்துக்கு ரெண்டு வயசுல காய்ச்சல் கண்டு ரெண்டு காதும் போச்சு. அதே வருஷம் ஐப்பசியில அவ அப்பாவை வாந்திபேதி கொண்டுபோச்சு. எடுத்த எடுப்புலயே இதைச் சொல்லிடறேன். ஏன்னா இந்த மாதா சபையில உக்காந்திருக்கிற பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மீதிப் பேரு, "யாருடி இவ, கொழும்புலேருந்து வந்து நம்ம முன்னால நிக்கிறா"ன்னு பாக்கறீங்க. நான் ஒண்ணும் கொழும்புக்காரி இல்ல. செலியமேட்டு மதலேனாள். கரும்பு வெட்டி, நடவு நட்டு வயித்தைக் கழுவின குடும்பம் எங்களது. அப்பாவும் அம்மாவும் ஆண்டை வூட்டுப் படியாளுங்க.

புருஷன் போன பின்னாடி நானும் வயலுக்குப் போனேன். காது கேக்கற பிள்ளைன்னா வரப்புல வுட்டுட்டு வேலை பாக்கலாம். "பாம்புடி, ஓடியா"ன்னா ஓடியாந்துடும். என் பிள்ளைக்கு மாட்டுவண்டி முதுகுல வந்து முட்டினாத்தான் தெரியும். ஒரு தடவை முட்டவே முட்டிச்சு. அதுலேருந்து வேலைக்குப் போறப்ப அவ இடுப்புல கயிறு கட்டி வூட்டுக்குப் பின்னாடி வேப்பமரத்துல கட்டிட்டுப் போவேன். பக்கத்துல ஒரு சொம்புத் தண்ணி வச்சிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து அவுத்து விடுவேன். யாரும் தப்பா நெனைச்சுக்காதீங்க, எனக்கு வேற வழி தெரியல. அவளைக் கட்டற ஒவ்வொரு நாளும் நான் செத்துப் பொழைச்சேன்.

சின்ன வயசுல கோயில் பள்ளிக்கூடத்துல நாலு எழுத்து படிச்சிருந்தேன். அதனால ஞாயித்துக்கிழமையில சின்னப் பிள்ளைங்களுக்கு செப மந்திரம் சொல்லிக்குடுப்பேன். இந்த ஜெர்மன்காரன் யுத்தம் ஆரம்பிக்கறதுக்கு ரெண்டு மூணு வருஷம் முந்தி, மார்கழி மாசம், பூசை முடிஞ்சு நம்ம சாமியார் என்னைக் கூப்பிட்டாரு. கொழும்புக்குப் பக்கத்துல காது கேக்காத பிள்ளைங்களுக்குன்னே கன்னியாஸ்திரிங்க ஒரு பள்ளிக்கூடம் வச்சிருக்காங்களாம். தமிழ்ப் பிள்ளைங்க வகுப்புக்கு ஒரு பொம்பளை வேணுமாம். ஆறு மாசம் கூட இருந்து வேலை பழகணும். தேறிட்டா டீச்சர், பொண்ணையும் அங்கியே சேத்துக்குவாங்க. தேறலைன்னா திரும்பி வந்துடணும். பழகற ஆறு மாசமும் பிள்ளையைக் கூட்டிப் போகக் கூடாது.

"போறியாம்மா?"ன்னாரு.

அப்ப நான் இன்னா செஞ்சேன் தெரியுமா? வலது கையால வாயைப் பொத்திக்கினு, தலையைக் குனிஞ்சு, "போறேன் சாமி"ன்னேன். இந்தக் கையை ஞாபகம் வச்சுக்குங்க, கதையே இதுலதான் இருக்கு.

நம்மள்ல யாருக்கும் இதைச் சொல்லிக்குடுக்கத் தேவையில்ல. பெரியவங்க முன்னால பேசினா எச்சி தெறிக்கும், மூச்சுக்காத்து படும், அதனால பொத்திக்கினு பேசணும். எனக்கு அஞ்சு வயசு இருக்கும். ஆண்டை வூட்டுப் பின்கட்டுல நின்னு, "அம்மா பசிக்குது"ன்னு வாயைத் தொறந்து சொல்லிட்டேன். கணக்குப்பிள்ளை வந்து வாய் மேலயே ஒண்ணு வச்சாரு. அன்னியிலேருந்து என் கை தானா மேல போவும். ஆண்டைக்கு, கணக்குப்பிள்ளைக்கு, சாமியாருக்கு, பட்டாளத்து சோல்தாவுக்கு, கொம்யூன் ஆபீசுல காயிதம் எழுதறவருக்கு, எல்லாருக்கும் பொத்தித்தான் பேசியிருக்கேன். தும்மறப்ப கண்ணு மூடுதே, அது மாதிரி.

என் கூடப்பொறந்த சவரி அக்காகிட்ட லூர்துவை வுட்டேன். கிளம்பறதுக்கு முந்தின சனிக்கிழமை நடந்தே வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போயி, "மாதாவே, ஆறு மாசத்துல என்னைத் தேத்தி, என் பிள்ளையை என்கிட்ட சேத்துடு"ன்னு குளத்துத் தண்ணியைத் தலையில தெளிச்சுக்கினு வந்தேன். தை பொறந்ததும் விழுப்புரத்துல ரயில் ஏறினேன். மண்டபம் ஊர்ல, கப்பல் ஏறறவங்களுக்கு சீக்கு இருக்கான்னு பாக்க, ஒரு வாரம் கேம்ப்புல அடைச்சு வச்சு ஊசி போட்டாங்க. அப்பால தனுஷ்கோடியில கப்பல். கப்பல்ல எல்லாரும் வாந்தி எடுத்தாங்க, நான் அழுதுக்கினே இருந்ததால எனக்கு வாந்தி வரலை.

பள்ளிக்கூடம் நல்லாத்தான் இருந்தது. தென்னந்தோப்புக்கு நடுவுல நீளமான ஓட்டுக் கட்டடம். என் வகுப்புல எட்டுப் பிள்ளைங்க. ரெண்டு மூணு யாழ்ப்பாணத்துப் பிள்ளைங்க, மத்ததெல்லாம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைங்க. அதுல பாக்கியம்னு ஒருத்தி, என் லூர்து உசரம்தான் இருப்பா.

அங்க ஒரு சட்டம். வகுப்புல கை ஜாடை கூடாது. பிள்ளைங்க கையைப் பலகை மேல வச்சுக்கினு டீச்சர் வாயைத்தான் பாக்கணும். உதடு எப்படிப் போவுது, நாக்கு எங்க படுது, பல்லு தெரியுதா, அதைப் பாத்தே வார்த்தையைப் புடிச்சுக்கும். நாம ஜன்னல் வெளிச்சம் மூஞ்சியில விழற மாதிரி நின்னு, நிதானமா, ஒழுங்கா வாயைத் தொறந்து பேசணும். அவ்வளவுதான் வேலை. பொறந்ததுலேருந்து வாயை மூடிக்கினு வந்தவளுக்கு சர்வேசுரன் பாத்துக் குடுத்த வேலையைப் பாருங்க!

தனியா இருக்கறப்ப எனக்கு ஒரு குறையும் இல்ல. "பாக்கியம், கதவைச் சாத்து"ன்னா சாத்துவா. "பூ கொண்டா"ன்னா கொண்டாருவா. ஆசைஆசையா செஞ்சேன். ஆனா பெரிய மதர் வகுப்புக்குள்ள காலை வச்சா போதும், என் கை வாய்க்கு வந்துடும். அவங்க பிராஞ்சு தேசத்துக்காரங்க, நல்ல உசரம், வெள்ளை அங்கி. பின்னாடி நாற்காலியில உக்காந்து எழுதுவாங்க. நான் பொத்தின கைக்குள்ளேருந்து, "கதவைச் சாத்து"ம்பேன். எட்டுப் பிள்ளைங்களும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கும். பாக்கியம் எட்டி எட்டி என் கைக்குப் பின்னாடி இன்னா இருக்குன்னு பாப்பா. ஒருத்தரும் அசைய மாட்டாங்க.

மூணாவது தடவையோ நாலாவது தடவையோ மதர் என்னைத் தனியா கூப்பிட்டாங்க. அவங்க தமிழ் செபப் புத்தகத்துல இருக்கற மாதிரி இருக்கும்.

"மதலேனாள், உனக்குப் பல்லில் நோவு உண்டோ?"

நான் இன்னா சொல்லுவேன்? உள்ளதைச் சொன்னா நான் யாரு, எந்தத் தெரு, எல்லாம் சொல்லணும். இந்த ஊர்லயும் தெரிஞ்சுபோனா பிள்ளைங்களைத் தொட வுடுவாங்களோ இன்னாவோன்னு பயம். வாயைப் பொத்திக்கினு, "ஆமாம் மதர்"னேன்.

லவங்கத் தைலம் குடுத்தாங்க. தடவினேன். மறுவாரமும் கை வாய்க்குப் போச்சு. திரும்பவும் தைலம் குடுத்தாங்க. அதுக்கும் மறுவாரம் மதர் ரொம்ப இரக்கப்பட்டு ஒரு பல்லு டாக்டரை வரவழைச்சுட்டாங்க. எந்தப் பல்லுன்னு கேட்டாரு. நான் கண்ணை மூடிக்கினு ஏதோ ஒரு கடவாய்ப் பல்லைக் காட்டினேன். புடுங்கிட்டாரு. நல்ல பல்லுங்க, கரும்பு கடிக்கற பல்லு, ஒரு சொத்தை கிடையாது. சிரிக்காதீங்கடி. வலி உசுரு போச்சு. ஒரு வார்த்தை உண்மை சொல்ல முடியாம ஒரு பல்லைக் குடுத்தேன், அவ்வளவு பயம் உள்ள இருந்தது.

பல்லு போயும் கை போவல. மதர் முகம் மாறிடுச்சு. ஆனி மாசம் ஆரம்பத்துல கூப்பிட்டு, கோவம் இல்லாமதான் சொன்னாங்க. "உன் மனது நல்ல மனது. ஆனால் பிள்ளைகள் உன்னிடம் ஒன்றும் கற்கவில்லை. வருகிற வியாழக்கிழமை பள்ளிக்கூடங்களைப் பார்க்கிற துரை வருகிறார். அவர் முன்னிலையில் நீ ஒரு பாடம் நடத்து. பிள்ளைகள் புரிந்துகொண்டால் இருப்பாய். இல்லையென்றால் அடுத்த கப்பலில் உன்னை அனுப்பவேண்டும்."

கப்பல்னதும் எனக்கு வேப்பமரம்தான் கண்ணு முன்னால வந்தது. அக்காளும் வயலுக்குப் போறவதானே. நான் ஊர்ல இல்லாதப்ப அவளும் அந்தக் கயித்தைத்தான் எடுப்பா. நான் தோத்துத் திரும்பினா, என் பொண்ணு காலம் பூரா அந்த மரத்துலதான்.

விடியக்காலைப் பூசை முடிஞ்சு எல்லாரும் எழுந்து போன பின்னாடி நான் மாதா சுரூபத்துக்கு முன்னால முட்டி போட்டேன். செபம் ஒண்ணும் வாயில வரல. "தாயே, இந்தக் கையை எடுத்துடு"ன்னேன். இவ்வளவுதான் கேட்டேன். திங்கட்கிழமை கேட்டேன். "இந்தச் சனியன் புடிச்ச கையை எடுத்துடு"ன்னு செவ்வாய்க்கிழமையும் கேட்டேன். பெரிய இடத்துல பேசற பேச்சா அது? ஆனா அப்படித்தான் பேசினேன். அப்பத்தான் கவனிச்சேன், மாதாகிட்டயும் வாயைப் பொத்திக்கினுதான் பேசிக்கினு இருந்திருக்கேன்.

செவ்வாய்க்கிழமை அந்தச் செபத்தை முடிச்சுட்டு நேரா சமையக்கட்டுக்குப் போனேன். பிள்ளைங்களுக்குக் காலையில கஞ்சி ஊத்தற முறை என்னுது. பெரிய பானையைத் துணி சுத்தித் தூக்கினேன். துணி வழுக்கிடுச்சு. கொதிக்கக் கொதிக்க இருந்த கஞ்சி மணிக்கட்டுலேருந்து விரல் நுனி வரைக்கும் என் வலது கையில கொட்டிச்சு.

அய்யோ, நான் போட்ட கூச்சல் அந்தச் செவிட்டுப் பிள்ளைங்களுக்கே கேட்டிருக்கும். மருந்து போடற சிஸ்டர் ஓடிவந்து, எண்ணெயும் சுண்ணாம்புத் தண்ணியும் கலந்து தடவி, கை பூரா துணி சுத்தி, கழுத்துலேருந்து தூளி மாதிரி தொங்க வுட்டாங்க. கட்டில்ல படுத்துக்கினு மாதாகிட்ட சண்டை போட்டேன். "ஏழை ஒண்ணு கேட்டா இதுதான் குடுப்பியா? பலகையில எழுதக்கூட கையில்லாம பண்ணிட்டியே. உனக்குக் கண்ணு இல்லையா?" வலியில ராவெல்லாம் தூங்கல. புதன்கிழமை பூசைக்கும் போவல. கோவிச்சுக்கினேன்.

வியாழக்கிழமை துரை வந்தாரு. கோட்டு, கையில தொப்பி. மதர் பக்கத்துல உக்காந்தாரு. பிள்ளைங்க எட்டும் கையைப் பலகை மேல வச்சுக்கினு என்னையே பாக்குது. மதர் தலையை ஆட்டி, ஆரம்பின்னு சொன்னாங்க.

வழக்கம் போல வலது கை மேல வரப் பாத்தது. வரல. துணியில கட்டிக் கிடக்குது, அசைச்சா உசுரு போவுது. சரின்னு இடது கை கிளம்பிச்சு. இடுப்பு வரைக்கும் வந்தது. அங்கியே நின்னுபோச்சு. பெரியவங்க முன்னால பீச்சாங்கையை மூஞ்சிக்கு நேரா தூக்கறதா? அடி விழாதா? பொத்தாம பேசறதை விட அது பெரிய மரியாதைக் கேடாச்சே! அதுக்கும் சின்ன வயசுலயே வாங்கியிருக்கேன். இடது கையைப் பின்னாடி கொண்டுபோயி முந்தானையைப் புடிச்சுக்கினேன். வலது கையால ஆவாது, இடது கையால கூடாது. அப்படியே ரெண்டு பெரிய மனுஷங்க முன்னால, வெளிச்சத்துல, வாயும் மூஞ்சியுமா நின்னேன். என் ஆயுசுல அதுதான் முதல் தடவை. துணி இல்லாம நிக்கற மாதிரி வெக்கமா இருந்துச்சு.

"பாக்கியம், ஜன்னலைத் தொற."

பாக்கியம் என் உதட்டைப் பாத்தா. எழுந்தா. போயி ஜன்னலைத் தொறந்தா.

"தாசு, புஸ்தகத்தை மேசை மேல வை."

வச்சான். ஒண்ணொண்ணா சொன்னேன். ஒரு பிள்ளை விளக்குமாறு எடுத்தது, ஒண்ணு பூவைப் பறிச்சு வந்தது. துணிச்சல் வந்துடுச்சு எனக்கு. "பாக்கியம், துரைக்குத் தண்ணி குடு"ன்னேன். அவ பானையில மொண்டு, ரெண்டு கையாலயும் லோட்டாவைப் புடிச்சுக்கினு போயி நீட்டினா. துரை வாங்கி ஒரே மூச்சுல குடிச்சுட்டு, இன்னும் வேணும்ன்ற மாதிரி லோட்டாவை நீட்டினாரு. பிள்ளைங்க எல்லாம் சிரிச்சுது. அந்த மாதிரிச் சிரிப்பை அந்த வகுப்புல நான் அதுவரைக்கும் கேட்டதில்ல.

துரை போன பின்னாடி மதர் வந்தாங்க. "பல் நோவு போய்விட்டதா?"ன்னாங்க.

எனக்கு அழுகை பொத்துக்கிச்சு. கை எழும்பல, அதனால அழுகையும் வார்த்தையும் அப்படியே வெளிய கொட்டிடுச்சு. ஆண்டை வூட்டுப் பின்கட்டு, கணக்குப்பிள்ளை அடி, வேப்பமரம், கயிறு, பொய், எல்லாம் சொல்லிட்டேன். மதர் நின்னுக்கினு கேட்டாங்க.

"அப்படியானால் அந்தப் பல்?"

"நல்ல பல்லு மதர்."

அவங்க நெத்தியில கையை வச்சுக்கினு நாற்காலியில உக்காந்துட்டாங்க. சிரிக்கறாங்களா அழுவறாங்களான்னு தெரியல. அப்பால சொன்னாங்க, "என் மேலேயும் குற்றம் உண்டு, மகளே. நான் உன் பல்லைப் பற்றித்தான் கேட்டேன். உன்னைப் பற்றிக் கேட்கவில்லை." அதுக்கு மேல நான் எந்தத் தெருன்னு அவங்க ஒரு நாளும் கேட்டதில்ல.

கைக்கட்டை அவுக்க ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. இதோ பாருங்க, தோலு இன்னும் சுருங்கித்தான் இருக்கு, சுண்டுவிரல் நிமிராது. ஆனா அந்த ஒரு மாசமும் மதர் முன்னால, டாக்டர் முன்னால, வர்றவங்க போறவங்க முன்னால எல்லாம் வாயைத் தொறந்து பேசிப் பேசி, கட்டு அவுந்தப்ப அந்தப் பழக்கமும் அவுந்துபோச்சு. கையை எடுத்துடுன்னு கேட்டேன், எடுத்துட்டாங்க மாதா. நான் கேட்ட லட்சணத்துக்கு முழுக்கையையும் எடுக்காம, ஒரு சுண்டுவிரலோட வுட்டாங்களே, அதுக்கே தோத்திரம். கோவிச்சுக்கினு படுத்திருந்ததுக்கு மறுநாளே சுரூபத்துக்கு முன்னால போயி மன்னிப்புக் கேட்டுட்டேன். பொய் சொன்னதுக்கு சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனமும் பண்ணிட்டேன்.

நான் தேறிட்டேன், ஆவணியில சவரி அக்கா லூர்துவைக் கூட்டியாந்துச்சு. நான் ஓடிப்போயி தூக்கினேன். அவ என்னைப் பாக்கவே மாட்டேன்னுட்டா. எட்டு மாசம் வுட்டுட்டுப் போனவதானே நான். அக்கா புடவைக்குள்ள மூஞ்சியை ஒளிச்சுக்கினா. முதல் நாள் காலையில நான் வகுப்புக்குக் கிளம்பினதும், தானா போயி வராண்டா தூணுகிட்ட நின்னு, கட்டறதுக்குத் தோதா ரெண்டு கையையும் தூக்கிக்கினா. நான் அங்கியே உக்காந்து அழுதேன். அப்பால அவ கையைப் புடிச்சு வகுப்புக்குக் கூட்டிக்கினு போயி, பாக்கியம் பக்கத்துல உக்கார வச்சேன்.

இப்ப லீவுக்கு வந்திருக்கோம். நேத்து ஆண்டை வூட்டுப் பக்கம் போனப்ப, கணக்குப்பிள்ளை, "இன்னா மதலேனாள், கொழும்பு போயி மரியாதையெல்லாம் மறந்துபோச்சா? கை எங்க?"ன்னாரு. "பொண்ணு என் வாயைப் பாத்துத்தாங்க பேச்சு புரிஞ்சுக்கணும், பொத்தினா அவளுக்குத் தெரியாது"ன்னேன். மொறைச்சுட்டுப் போனாரு. பயமாத்தான் இருந்தது, இல்லன்னு சொல்லல. ஆனா கை வாய்க்குப் போவல.

அக்கா தங்கச்சிங்களே, உங்க வூட்லயும் கஷ்டம் இருக்கும். புருஷன் குடி, பிள்ளைக்குச் சீக்கு, ஆண்டை அடி. சொன்னா மரியாதைக் கேடுன்னு உள்ளயே வச்சுக்கினு, மாதாகிட்டயும் பாதி மென்னு முழுங்கி செபம் பண்றீங்க. நானும் அப்படித்தான் பண்ணினேன். வேணாம். நல்லா வாயைத் தொறந்து கேளுங்க. சண்டை போட்டுக் கேட்டாலும் அவங்களுக்குக் கோவம் வராது. குடுக்கறது நாம நெனைச்ச மாதிரி இருக்காது, சுடவும் சுடும். ஆனா குடுப்பாங்க.

இன்னும் ஒண்ணு சொல்லிட்டு உக்காந்துக்கறேன். லூர்து வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு நாள் மத்தியானம், முத்தத்துக்கு அந்தப் பக்கம் அவ நின்னா, இந்தப் பக்கம் நான். சத்தம் போடாம வாயை மட்டும் அசைச்சு, "லூர்து, சாப்ட்டியா?"ன்னேன். எத்தனையோ வருஷமா அவ மூஞ்சியைப் பாத்துக் கேட்ட கேள்விதான், ஒரு நாளும் பதில் வந்ததில்ல. அன்னிக்கு அவ என் உதட்டைப் பாத்தா. சாப்ட்டேன்னு தலையை ஆட்டினா. ஆட்டிட்டு, தொண்டையைக் கனைச்சுக்கினு, கரகரன்னு ஒரு குரல்ல கேட்டா:

"நீ?"

அவ அப்பா செத்த பின்னாடி, நீ சாப்ட்டியான்னு என்னை யாருமே கேட்டதில்லங்க. "இன்னும் இல்லடி"ன்னேன். கையைப் புடிச்சு இழுத்துக்கினு போயி, என்னை உக்கார வச்சு, தட்டை எடுத்து முன்னால வச்சா. மாதாவே, உனக்குத் தோத்திரம்.